முனியப்பனுக்கு என்று சொன்ன கிடாய்

எங்கள் பெரிய மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆயுசில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் போயும் போயும் சாமி பேரில் சொல்லித் தொலைத்தார்.

பெரிய மாமா என்றால் என் மாமனாருடைய அண்ணன். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமனார் போய்விட்டார். பெரிய மாமாவுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. மலையாளச் சீமையில், சித்தூருக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டிக் கடலைக்காட்டின் நடுவில் அவருடைய சாளை. காட்டிலேயே குடியிருப்பதற்காகப் போட்ட ஓலை வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். அவர், ஒரு பம்ப்செட், ஒரு கிடாய், அவ்வளவுதான் அங்கே குடித்தனம்.

அந்தக் கிடாய் பிறந்த அன்றே தாய் ஆடு செத்துப்போயிற்று. பாலாடையில் பசும்பால் புகட்டி அவர்தான் ஆளாக்கினார். அவர் கட்டிலின் கால்மாட்டில்தான் படுக்கும். அவர் கள்ளுக்கடைக்குப் போனால் பின்னாலேயே போய் வாசலில் நிற்கும். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. பெயர் மட்டுமில்லை, மரியாதையும் உண்டு.

"ஏனுங் மாப்ளே, இன்னைக்கிச் சோளத்தட்டு எறங்கலீங்களா?" என்பார். பெண்ணைப் பெறாத மனிதர் மாப்பிள்ளையை உபசரிக்கிற அழகைப் பார்த்து ஊர் சிரிக்கும். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

தினமும் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோகிற வேலை புது மருமகளான எனக்கு. ஊருக்குள் இருந்த பெரிய வீட்டில் என் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, அவர்கள் மகள். அண்ணனை நான் மூத்தவர் என்றே சொல்கிறேன். மாமனார் போன பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் அண்ணன் முன்னால் வாயில் கொழுக்கட்டை.

நான் வந்த வருஷம் தீபாவளி நெருங்கியபோது மூத்தவர் கையில் கயிற்றோடு சாளைக்கு வந்தார். நான் சோற்றுப் போசியோடு அங்கேதான் நின்றேன்.

"பெரியப்பா, கெடா நல்லா கொழுத்திருக்குது. ஒறம்பரையெல்லாம் வர்றாங்க. புடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

பெரிய மாமாவின் முகம் செத்துவிட்டது. அவருக்கு மூத்தவரிடம் சண்டை போடத் தெரியாது. நிலம் அவருடையதுதான், ஆனால் சோறு பெரிய வீட்டிலிருந்து வருகிறது. ஒரு நிமிஷம் கிடாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கை வெச்சராத சாமி. அது முனியப்பனுக்கு நேந்து உட்டது" என்றார்.

மூத்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நேர்ந்துவிட்ட கிடாயை விற்கவும் முடியாது, வீட்டுச் சட்டியில் போடவும் முடியாது. அது யார் காட்டில் மேய்ந்தாலும் அடித்து விரட்டக்கூட மாட்டார்கள்.

"எப்ப நேந்தீங்க மாமா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"நேரவும் இல்ல, ஒண்ணும் இல்ல அம்மணி. சும்மா சொன்னேன்" என்றார். திருட்டு மாங்காய் தின்ற பையன் மாதிரி சிரித்தார்.

"நாளைக்குச் சாமிக்குக் குடுன்னு வந்து நின்னா?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தார் மனுஷன். கோயிலில் கிடாய் வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதுவரைக்கும் யாரும் அரிவாளை ஓங்கக் கூடாது.

அன்றிலிருந்து தினமும் மாப்பிள்ளைக்குப் பம்ப்செட் குழாயடியில் குளியல். முதலில் ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் கசப்பு, துள்ளும், உதறும். உதறினால் மறுபடி ஊற்றுவார். உதறாமல் நின்றால் ஒரு கை கடலை. வெயில், மழை, பனி என்று பார்க்காமல் இரண்டு வருஷம் அதையே செய்தார். கடைசியில் குடம் குடமாகக் கொட்டினாலும் அது அசையாமல் நின்று அசைபோடும். "எந்தப் பூசாரி வந்தாலும் ஆகாதுங் அம்மணி" என்று என்னிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

எமர்ஜென்சி நடந்த வருஷம், சித்திரை வெயிலில், நான் சோறு கொண்டுபோனபோது அவர் வாய்க்கால் ஓரத்தில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் நின்று கிடாய் கத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. சித்தூர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வாதம், இனிமேல் எண்ணெய்த் தடவலும் கவனிப்பும்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பெரிய வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டோம். கிடாய் தானாகவே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டது. அவர் இடது கையைக் கம்பிக்கு நடுவில் நீட்டுவார், அது நக்கும்.

வளர்ந்த கிடாய் நாறும். அதை நான் மறைக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதரின் அறையும் நாறும். மாமியார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, அவர் காதில் விழும்படியே, "ரெண்டு நாத்தத்தையும் ஒரே ஊட்டுக்குள்ள சகிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு போகோணும்" என்றார். நல்லாயிருந்த காலத்தில் அதே வீட்டுக்குக் கடலையும் தேங்காயும் மூட்டை மூட்டையாக அனுப்பின மனுஷன் அவர்.

அந்த வைகாசியில் மூத்தவர் மகளுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் குலசாமி முனியப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறார். அங்கேதான் காதுகுத்து, கிடாய் விருந்து.

"சாமிக்குன்னு நேந்ததைக் குடுக்காம ரெண்டு வருசம் வெச்சிருந்தா, வாதம் வராம வேறென்ன வரும்?" என்றார் மூத்தவர். அவருக்கு இது நல்ல சௌகரியமாக அமைந்துவிட்டது. வியாதிக்குக் காரணமும் கிடைத்தது, விருந்துக்குக் கிடாயும் கிடைத்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "அது நேந்த கெடா இல்லீங்க. சும்மா சொன்னதுன்னு எங்கிட்டச் சொன்னாருங்க" என்றேன். வீட்டில் எல்லோரும் என்னை, கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"அப்படியா? அவரு வாயால சொல்லட்டும். உட்டர்றேன்" என்றார் மூத்தவர்.

எல்லோரும் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம். "பெரியப்பா, கெடா முனியப்பனுக்கு நேந்ததுதானுங்களே?" என்று கேட்டார். பெரிய மாமா என்னென்னமோ செய்தார். வாய் கோணியது, எச்சில் வடிந்தது, இடது கையால் கட்டிலை அடித்தார். வாதம் வந்ததிலிருந்து அவர் தலை தானாகவே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அன்றைக்குப் பதற்றத்தில் இன்னும் வேகமாக ஆடியது.

"பாத்துக்க. ஆமாங்கறாரு" என்றார் மூத்தவர்.

"அது சும்மாவே ஆடறதுங்க" என்றேன். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்து அடுப்படிக்குள் தள்ளினார்.

காதுகுத்து அன்று விடியும் முன்பே கிடாயை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜன்னலை விட்டு அது நகர மாட்டேன் என்றது. மூத்தவர் பெரிய மாமாவின் குரலைப் போலவே இழுத்து, "வாங்க மாப்ளே, வாங்க" என்றார். அது திரும்பி அவர் பின்னால் நடந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உள்ளே விழித்துக்கொண்ட பெரிய மாமாவிடம், நாற்றம் தாங்காமல் சாளைக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறோம், ஆள்காரன் பார்த்துக்கொள்வான் என்று மாமியார் சொன்னார். அவர் நம்பினார். அந்த முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

கோயிலில் கிடாய்க்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஊற்றினார். அது அசையவில்லை. மாலையில் இருந்த வேப்பிலையைக் கடித்து மென்றது. இரண்டாவது செம்பு ஊற்றினார். பம்ப்செட் குழாயடியில் நிற்பதுபோலவே நின்றது. பூசாரி கற்பூரம் கொளுத்தி வேண்டிக்கொண்டு மூன்றாவது செம்பையும் ஊற்றினார். சுற்றி நின்ற கூட்டம் கசமுசவென்றது. "சாமிக்கு மனசில்லையாட்ட இருக்குது, உட்ருங்க" என்று ஒரு கிழவர் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பெரிய மாமாவிடம் எப்படிச் சொல்வது, என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது என்றெல்லாம் மனசுக்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குப் பசி. மூத்தவருடைய மச்சினன், குழந்தையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "காதுக்குள்ள உடுங்க மாமா" என்றான்.

மூத்தவர் செம்பை வாங்கினார். கிடாயின் காதைத் தூக்கிப் பிடித்து உள்ளே ஊற்றினார். அது தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது.

பெண்கள் குலவை போட்டார்கள்.

"உங்க காதுல ஊத்துனா நீங்களும்தான் ஆட்டுவீங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். மாமியார் என் புஜத்தில் கிள்ளிய கிள்ளு நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வெட்டியாகிவிட்டது. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

நாலு கால்களையும் வாட்டி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார் மாமியார். வாதக்காரருக்கு ஆட்டுக்கால் சூப் நல்லது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, "கொண்டுபோய்ப் புகட்டு" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"செத்தாலும் மாட்டேனுங்க அத்தை."

"அப்ப வாயை மூடிட்டாவது இரு. என்னன்னு சொல்லிக்கில்லி வெச்சீன்னா மனுசன் அன்னைக்கே போயிருவாரு. அந்தப் பாவம் உன்ற தலைமேலதான்."

அவரே போய்ப் புகட்டினார். பெரிய மாமாவுக்கு அன்றைக்கு நல்ல பசி. சப்புக்கொட்டிக் குடித்தார். மோவாயில் வழிந்ததைக்கூட நாக்கால் நக்கிக்கொண்டார். அந்தக் கால்கள் தீரும் வரைக்கும் தினமும் காலையில் ஒரு கிண்ணம்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அதைச் சொன்னால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. முனியப்பன் கணக்கைத் தீர்த்தாயிற்று, அதனால்தான் தேறுகிறார் என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எண்ணெய் தடவ வந்த மலையாள வைத்தியர், பேச்சும் வரும், தினமும் பேச வையுங்கள் என்றார். நான்தான் மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தண்ணின்னு சொல்லுங்க மாமா."

சொல்ல மாட்டார். "சோறுன்னு சொல்லுங்க." அதுவும் மாட்டார். நெற்றி நரம்பு புடைக்க, "நா... நா... நே..." என்று முக்குவார். அவர் எந்த வார்த்தையைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. "அது அப்பறமா ஆகட்டுங்க, மொதல்ல தண்ணின்னு சொல்லுங்க" என்று பேச்சை மாற்றுவேன். கோபம் வந்து இடது கையால் கட்டில் சட்டத்தில் குத்துவார். மறுபடியும் "நா... நே..." தான். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும், பசி என்றோ வலி என்றோ ஒரு வார்த்தைக்குக்கூட அவர் முயற்சி பண்ணவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

தை பிறந்து ஒரு காலையில், கஞ்சி குடித்து முடித்த தட்டைக் கட்டிலில் தட்டித் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். மூத்தவர் வந்தார். மாமியார் வந்தார். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார். பெரிய மாமா மூத்தவரைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார்.

"நா... நேந்துக்கலே. சும்மா... சொன்னது. மாப்ளெய... உட்ருங்க."

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாஸாகிவிட்டேனா என்று கேட்கிற மாதிரி இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு, அந்தக் கோணல் வாயோடு.

"வாதம் மண்டைக்கு ஏறிருச்சு" என்றார் மூத்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

மாமியாராவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "எந்த மாப்ளெயங்க? அதைய வெட்டித் தின்னு எந்தக் காலமோ ஆச்சு. தெனமும் சூப்பு குடிச்சீங்களே, அது யாரு காலுன்னு நெனச்சீங்க?" என்றார்.

பெரிய மாமா என்னைத்தான் பார்த்தார். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் இடது கையைத் தூக்கி இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். இன்னும் உள்ளே விட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. உடம்பு முழுக்கக் குலுங்கக் குலுங்க ஓங்கரித்தார்.

காலையில் குடித்த கஞ்சிதான் வந்தது. நான்தான் துடைத்தேன்.