எனக்கென்று ஒரு ஸ்பாஞ்சு

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி கைகழுவும் தொட்டியருகில் அரைமணி நேரமாக நின்றிருந்தாள். குழந்தைகளுக்கான ஷாம்புவை உள்ளங்கையில் விட்டு, முகத்துக்குப் பவுடர் பூசும் பிரஷ்களை ஒவ்வொன்றாக அதில் சுழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பாஞ்சைப் பிழியப் பிழியச் சந்தன நிறத் தண்ணீர் வந்தது. நல்ல காரியம்தான் என்று பாராட்டப் போனேன். “இதெல்லாம் யாரோடயும் ஷேர் பண்ணக்கூடாது தாத்தா. அவங்கவங்களுக்குத் தனித்தனி ஸ்பாஞ்சு இருக்கணும். ஹைஜீன்!” என்றாள். போன வேகத்திலேயே என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த ஷாம்புவுக்கு ஏதோ பழத்தின் வாசனை. நான் ஸ்பாஞ்சு கழுவிய காலத்தில் பூந்திக்கொட்டையின் வாசனைதான். காஞ்சிபுரத்தில் பட்டைத் துவைக்க அதைத்தான் ஊறவைப்பார்கள். எங்கள் நாடக மன்றத்தின் பிரஷ்களும் ஸ்பாஞ்சுகளும் அதே தண்ணீரில்தான் குளித்தன. ஒப்பனைக்காரர் நாகப்பன் பகலில் தறி நெய்கிறவர். தறிக்காரரின் கை எதைத் தொட்டாலும் தறிப் பழக்கம் கூடவே வரும் போலிருக்கிறது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதுபோல, கழுவிய பிரஷ்களின் மயிரையும் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் கூராக நீவிக் காயவைத்தார். பிரஷ்கள் விறைப்பாக, அழகாக நின்றன. ஆனால் கஞ்சி வாசனைக்கு வந்த கரப்பான்கள் ஒரே வாரத்தில் அவற்றை மொட்டையடித்துவிட்டன. அடுத்த நாடகத்தில் கதாநாயகிக்கு விரலால்தான் புருவம் எழுதினார்.

காலத்தைச் சொல்லாமல் மேலே போனால் எனக்குத் தூக்கம் வராது. எழுபதுகளின் தொடக்கம். நான் காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில், ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்தவன். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள். அதே அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் சம்பந்தம், மன்றத்தின் கதாநாயகன். “உன் குரல் ஃபைல்ல கெடந்து வீணாப் போகுதுப்பா, வா” என்று அவர்தான் என்னை ஒத்திகைக்கு அழைத்துப் போனார். சீர்திருத்த நாடகம். நான் பண்ணையாளாக வருவேன். கடைசிக் காட்சியில் சம்பந்தம் என்னைக் கட்டித் தழுவி, “மனிதரில் ஏதடா தாழ்வு!” என்று முழங்குவார். கூடம் அதிரும்.

முதல் நாளே நாகப்பன் எனக்குப் புது ஸ்பாஞ்சு ஒன்றைக் கொடுத்தார். “இது உனக்கே உனக்கு. நீயே அலம்பி வூட்லயே வெச்சுக்கபா.” ஒப்பனைச் சாந்தையும் ஒரு தகர மூடியில் வழித்து வைத்துவிட்டு, “உனக்குத்தான் கை நல்லா வருது. நீயே போட்டுக்க” என்றார். மற்ற எல்லார் முகத்துக்கும் ஒரே ஜோடி ஸ்பாஞ்சுதான். கதாநாயகனுக்கே தனி ஸ்பாஞ்சு இல்லை, எனக்கு இருக்கிறது! காலனியில் அதைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்தேன். படித்து உத்தியோகத்துக்குப் போனவனின் மூளை அவ்வளவு கூர்மை.

அந்த ஸ்பாஞ்சை நான் பராமரித்ததுபோல இன்றுவரை எதையும் பராமரித்ததில்லை. முதலில் தேங்காய் எண்ணெய் விட்டு எண்ணெய்ச் சாயத்தை இளக்குவேன். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் அமுக்கி அமுக்கி எடுப்பேன், முறுக்கினால் கிழிந்துவிடும். தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் உலர்த்தி, சோப்பு டப்பாவில் வைத்துக்கொள்வேன்.

வைகாசிக் கருடசேவை முடிந்த அடுத்த ஞாயிறு, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வாடகைக் கூடத்தில் நாடகம். நாகப்பன் பெட்டியைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். கழுவின ஸ்பாஞ்சுகளை வீட்டுக் கொடியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். வீடு ஊரின் மறுகோடியில். முதல் மணி அடித்தாகிவிட்டது.

நான் சோப்பு டப்பாவைத் திறந்து நீட்டினேன். “இந்தாங்கணா, என்னுது இருக்குது. காலையிலதான் அலம்பினேன்.”

நாகப்பன் வாங்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் என் பக்கம் திரும்பாமல், “வேணாம் நாகப்பா. கையாலயே பூசு” என்றார்.

“கையால பூசினா திட்டுத்திட்டாத் தெரியும்ணா” என்றேன் நான், அக்கறையாக.

கோமாளி வேஷக்காரன் சிரித்துவிட்டான். “யோவ், உனக்கு மட்டும் ஏன் தனியாக் குடுத்தாங்கன்னு இன்னுமா புரியல? நல்லா சொல்றான்பா யோசனை!”

“டேய், சும்மா கெட” என்று அவனை அதட்டினார் சம்பந்தம். பிறகு என்னிடம், மிகவும் கனிவாக: “தப்பா நெனச்சிக்காதப்பா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. வூட்ல தெரிஞ்சா பேசுவாங்க, அவ்ளோதான்.”

அன்றும் நடித்தேன். திட்டுத்திட்டான முகத்தோடு சம்பந்தம் கடைசிக் காட்சியில் வந்து என்னைக் கட்டித் தழுவினார். என் கன்னம் படாமல் தன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனையோ முறை அப்படித்தான் திருப்பியிருப்பார். சபையைப் பார்த்துப் பேசுவதற்காக என்று நினைத்திருந்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாளிலிருந்து நான் ஒத்திகைக்குப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவுமில்லை.

நாடகக் கூடத்தை இடித்து வாகனம் நிறுத்த இடம் ஆக்கிவிட்டார்கள். மன்றம் கலைந்தது. நாகப்பன் காலமானார், கோமாளியும்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் சம்பந்தத்தைப் பார்த்தேன். தள்ளாத வயது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. “ஏம்பா நாடகத்த வுட்டுட்ட? எவ்ளோ நல்லா நடிச்சிக்கினு இருந்த! அப்பல்லாம் நமக்குள்ள எதுனா வித்தியாசம் இருந்துதா? ஒரே குடும்பமாத்தான இருந்தோம்!”

அந்தக் கண்களில் பொய்யைத் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த நாடக நாளின் நினைவு அவரிடமிருந்து சுத்தமாகப் போய்விட்டிருந்தது. போன மாசியில் அவரும் போய்விட்டார். இனி அது நடந்தது என்பதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். எனக்கும் எழுபத்தெட்டு முடியப்போகிறது.