நான் மோட்டாரைத் தொடாத மூன்று நாள்

பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுத்த அன்றைக்குத்தான் என் கை வெந்தது. "சூடு ஆறுச்சான்னு பாக்காம எதையும் தொடக் கூடாதுங்க கண்ணுகளா" என்று சொல்லிக்கொண்டே ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடான முனைப் பக்கமாகப் பிடித்தேன். வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் சேர்ந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் எல்லோரும் கண் விழித்துக் கவனித்த ஒரே பாடம் அதுதான்.

நான் எட்டாவது ஃபெயில். இருபது வருடம் கோயமுத்தூரில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வைண்டிங் கடையில் இருந்தவன். வேலை தெரிந்தவன் என்று பிராக்டிகல் சொல்லிக்கொடுக்க எடுத்தார்கள். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். ஒரு பிள்ளை கம்பிச் சுருளான காயிலை மோட்டாருக்குள் இறக்கத் தடுமாறினால் என் கை சும்மா இருக்காது. "தள்ளு கண்ணு" என்று வாங்கி நானே முடித்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு அப்புறம் என்ன வேலை? செல்போன் நோண்டினார்கள். சோமனூர்க்காரி கிருத்திகா கடைசி பெஞ்சில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு முறைப்படியே தூங்குவாள்.

கை வெந்த மறுநாள் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், உங்க கிளாஸ்ல எல்லாரும் தூங்கறாங்களாமா. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமுங்களா?"

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பியதில்லை. பழைய கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து நின்றது. வெளிக்கடையில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "மூணே நாளுங்க மேடம், நாங்களே வைண்டிங் பண்ணிப்போடறோம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கையைப் பார்த்தேன்.

வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கிருத்திகா துப்பட்டாவை எடுத்தாள்.

"அப்ப மூணு நாளைக்குக் குளிக்க முடியாதுங்களா மாஸ்டர்?"

"நீ ஒழுங்காச் சுத்துனா நாலாம் நாள் குளிக்கலாம் அம்மணி."

"நானுங்களா? நீங்க பண்ண மாட்டீங்களா?"

"என்ற கைதான் வெந்துபோச்சே."

பிள்ளைகள் எரிந்த கம்பியை உருவிச் சுற்றுகளை எண்ணினார்கள். "எவ்வளவு இறுக்கமாச் சுத்தறதுங்க?" என்று கேட்டார்கள். "அது கைக்குத்தான் தெரியும் கண்ணு" என்றேன். இருபது வருடமாகக் கை செய்ததை வாயிடம் அது ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களே சுற்றி, சண்டை போட்டு, பிரித்து, மறுபடி சுற்றினார்கள்.

மூன்றாம் நாள் கனெக்‌ஷன் கொடுக்கும்போது கிருத்திகா ஒரு காயிலைத் தலைகீழாகச் சேர்த்தாள். என் இடது கை தானாக எழுந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி கனெக்‌ஷன் படத்தை வெச்சு ஒவ்வொண்ணாப் பாரு" என்று மட்டும் சொன்னேன். அவளே கண்டுபிடித்தாள்.

"பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க? சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா மறுபடியும் தூங்கிப்போடுவே."

"குளிக்காம கசகசன்னு ராத்திரியே தூங்கலீங்க. இப்ப எங்கீங்க தூங்கறது?" என்று முறைத்துவிட்டுப் பிரித்துச் சேர்த்தாள்.

நான்காம் நாள் காலை, கம்பிக்குப் பூசிய வார்னிஷ் காய்ந்த மோட்டாரைப் பொருத்தி, அவளே சுவிட்சைப் போட்டாள். சீரான சத்தம். மேல் தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் ஹாஸ்டல் பிள்ளைகள் பக்கெட்டோடு ஓடினார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் வந்து, "அடுத்த பேட்சும் நீங்களே பாத்துக்கோங்க மாஸ்டர்" என்றார். அன்று மத்தியானம் வகுப்பில் தூங்கியது நான் ஒருவன்தான்.

கொப்புளம் ஆறிய பிறகும் கையில் போட்டிருந்த துணிக்கட்டை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் பழைய பழக்கம் வந்துவிடும் என்று பயம். தினமும் காலையில் புதுத்துணி சுற்றிக்கொண்டு போனேன். ஒருநாள் கிருத்திகா கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாஸ்டர், நேத்து கட்டு வலது கையிலதானுங்க இருந்துச்சு?"

குனிந்து பார்த்தேன். இடது கை.

"பரவால்லீங்க, இருக்கட்டும். நாங்களே பண்ணிக்கறோம்."

இப்போது கட்டு இல்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். வாத்தியார் வேலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாக்பீஸ் எடுக்க மட்டும் ஒன்றை வெளியே விடுவேன்.