முப்பத்தொன்றாம் நம்பர்

2008 ஜூலையில் பக்கத்துப் போர்ஷன் வித்யாலட்சுமிக்கு வந்த காய்ச்சல் இருதயம் வரை போய்விட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளை. அடுத்த ஜூன் வரை ஓடக்கூடாது, படியேறக்கூடாது, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அம்மா கார்த்யாயினி என்னிடம் வந்து, "செல்லாயி அத்த, நானே வூட்ல சொல்லித்தரப் போறேன்" என்றாள். பத்தாவதோடு நின்றவள். எனக்குத் துளி நம்பிக்கையும் இல்லை, ஆனால் அவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

சிதம்பரம் தெற்கு வீதிச் சந்தில் ஒற்றை அறை வீடு அவர்களுக்கு. புருஷன் சபேசனுக்கு அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வேலை. ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவான். மறுபக்கம் வித்யா எழுதுவாள். பாடத்துக்கு ஒரு ஸ்வீட் டப்பா. கணக்கு டப்பாவில் புளியங்கொட்டையும் தீக்குச்சியும். அறிவியல் டப்பாவில் இலை, இறகு, மண். கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கி, பெயர் எழுதி ஒட்டியிருந்தாள் கார்த்யாயினி. பார்த்ததும் எனக்கே உட்கார்ந்து படிக்க ஆசை வந்தது.

முதல் நாள் காலை ஒன்பதரைக்குப் பூஜை மணி கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

"கற்பூரம் எங்கடி?"

"ஐயோ அத்த, இது முதல் பீரியட் மணி!"

வித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பல நாள் கழித்துச் சிரிக்கிறதே பிள்ளை என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பரில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மணி அடித்தாலும் பென்சிலைத் தொடமாட்டாள். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே கார்த்யாயினி கத்தினாள். "டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கேன், இன்னும் என்னடி கொறச்சல்?"

"எல்லாம் இருக்கும்மா. பக்கத்துல யாரும் இல்ல."

கார்த்யாயினி கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். வித்யாவே கேட்டாள். "அட்டெண்டன்ஸ் எடும்மா. எல்லார் பேரும் நான் சொல்றேன், நீ எழுதிக்க."

அத்தனை பெயரும் மனப்பாடம் அவளுக்கு. ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்து, முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டுக்குத் தாவினாள்.

"முப்பத்தொண்ணு யாருடி?"

"நாந்தான். இப்ப வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க."

கார்த்யாயினி என்னைப் பார்த்தாள். "கெளம்புடி, போய் கேட்டுட்டு வருவோம்" என்றேன். வித்யாவை என் மருமகளிடம் விட்டுவிட்டு இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

வகுப்பு டீச்சர் அமிர்தம் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். முப்பத்தொன்று, வித்யாலட்சுமி. பெயருக்கு நேராகச் சிவப்பு மையில், மாதம் மாதமாக, ஒரு நாள் விடாமல் ஆப்சென்ட்.

"பேர அடிச்சிடச் சொன்னாங்க. எனக்குக் கை வரலம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். வித்யா நம்பவில்லை.

"தெனமும் என் பேரக் கூப்புடுறாங்களா?"

"தெனமுந்தான் கண்ணு."

"யாரும் பதில் சொல்றதில்லையா?"

"நீ இல்லாம யாருடி சொல்லுவா?"

"அப்ப நான் போவணும்மா" என்று தேம்பத் தொடங்கினாள். ஜூனுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.