நங்கூரக் கயிறு

ஏரிப் படகுத்துறையின் மெக்கானிக்கம்மா பதினெட்டு வருஷமாக ஒரே பாட்டைப் பாடிப் பாடி அலுத்துப்போனவள். "நங்கூரக் கயித்த முழுசா உள்ள இழுத்துட்டுத்தான் இன்ஜினப் போடணும். இல்லன்னா படகத் தள்ளுற ஜெட்டு தண்ணியோட அதையும் உறிஞ்சிடும்."

அன்று அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் அவளுடைய அக்கா புருஷன். குடும்பத்தோடு போன படகு நடு ஏரியில் நின்றுபோக, கையை ஆட்டினார். முட்டிவலியோடு அவள் துடுப்புப் படகில் போய்ச் சேர்ந்தாள்.

"காத்துல நீ சொன்னது சரியா விழலம்மா," என்று அசடு வழிந்தார்.

"பரவாயில்ல மாமா. மொதல்ல சாவிய என் கையில குடுங்க."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஜெட்டுக்குள் சுற்றியிருந்த கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கரைக்கு வந்ததும் மாமா பிள்ளைகளோடு காருக்குப் போய்விட்டார். அவளோ படகை இழுவை வண்டியில் ஏற்றி, சேற்றை அலசி, உள்ளே நின்ற தண்ணீரை வடித்தாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம், வாடி," என்றாள் அக்கா.

"இப்படியே விட்டா துருப்பிடிக்கும்க்கா."

அவள் படகின் மேல் தார்ப்பாயை விரித்தாள். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த முனையை வேறொருவர் பிடித்தது அன்றுதான்.