கோமதி கேட்ட பனி

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்போது கோமதியின் அண்ணா தொலைபேசியில் அழைத்தார். "கோமதி போயிட்டாம்மா, தூக்கத்துலயே" என்றார். சுற்றிலும் தேங்காய்கள் உடைந்துகொண்டிருந்தன; எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வலியசாலையில் அவள் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அடிப்பாவி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று கோபம்தான் முதலில் வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் வக்கீல் தொழில் நடத்தியவர்கள். ரசாயன நெடியை மூச்சில் இழுத்து நோயில் விழுந்தவர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். "புகைக்கு வேற சாட்சி ஏதுடீ, ஒடம்புதான் சாட்சி" என்பாள். அவளோடு பழகிய உங்களுக்கும் அவள் வாய்த்துடுக்கு தெரியும்.

அப்படி வந்தவள்தான் எஸ்தர், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். கழக்கூட்டத்தை அடுத்த ஒரு பட்டறையில், காற்றோட்டமில்லாத அறையில், மின்னணுப் பலகைகளை ஏதோ திரவத்தால் கழுவும் வேலை. கண் பார்வை போய்விட்டது. வேலையால் வந்தது என்று நிரூபித்தால்தான் சிகிச்சையும் நஷ்ட ஈடும். நஷ்ட ஈட்டு அதிகாரி முன் நடந்த விசாரணையில் அவள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்: "ஆத்யம் பனியாக்கும். பொறவு கண்ணு போச்சு."

மலையாளத்தில் ஆத்யம் என்றால் முதலில், பனி என்றால் காய்ச்சல். எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் மலர்ந்தது. காய்ச்சலில் கண் போனதற்குக் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்டார். அதிகாரியும் தலையாட்டினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்தப் பகல் இப்போது கனவில் கண்டதுபோல்தான் வருகிறது. மழை இருட்டு, மெல்லச் சுற்றும் மின்விசிறி, நடுவில் எழுந்து நிற்கும் கோமதி.

"பனி எப்படிம்மா இருந்துது?"

"வெள்ளையா இருந்திச்சு."

அறையே சிரித்தது. வெள்ளைக் காய்ச்சலாம்!

"எப்போ வரும்?"

"ஜோலி முடிஞ்சு வெளிய வரும்ப. ரோடு தெரியாது, பஸ்ஸு தெரியாது. விடிஞ்சா கொஞ்சம் மாறும். ஜோலிக்குப் போனா பின்னயும் வரும். பொறவு மாறவே இல்ல. எம் பிள்ளைக்க மொகங்கூட பனிக்குள்ளயாக்கும்."

சிரிப்பு நின்றது. "சாரே, இது தமிழ்ப் பனியாணு. மஞ்ஞு" என்றாள் கோமதி. மூடுபனிக்கு மலையாளச் சொல் அது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு கண் மருத்துவர் பரிசோதித்து, அந்தத் திரவத்தின் ஆவிதான் நரம்பைக் கெடுத்தது என்று சாட்சி சொன்னார். ஜெயித்தோம். ஆனால் பார்வை திரும்பவில்லை. "ஜெயிச்சு என்னடீ பண்றது, அவ கண்ணக் குடுக்க முடியலயே" என்று கோமதி மேஜையில் தலை கவிழ்த்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வலியசாலை வீட்டுக்குத் துக்கம் கேட்க எஸ்தர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் அமர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"வக்கீலம்மா பாக்க எப்பிடி இருப்பாவ? நான் அவியகிட்ட வரும்பளே கண்ணு போயிருந்துல்லா."

இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த முகம். யாரும் என்னிடம் கேட்டதில்லை. மூக்கு நுனிக்கு வழுக்கும் கண்ணாடியைச் சொன்னேன். சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் உதட்டைச் சொன்னேன். எஸ்தர் கண்ணை மூடிக் கேட்டாள். "பின்ன?" என்றாள். இன்னும் சொன்னேன்.

கோமதியின் முகம்தான் என்னிடம் மிச்சம். அதில் பாதி இப்போது எஸ்தரிடம் இருக்கிறது.