எனக்குப் பின் குடித்தவர்

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: நான், சுரங்கத்து ஷிஃப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், அவர் தோளில் எங்கள் கைக்குழந்தை எஸ்தர், எதிர் குவார்ட்டர்ஸ் அஞ்சலை அக்கா. வேறு யாரும் இல்லை. கதவைத் திறந்து வந்த டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் (நெஞ்சுக்குள் எடுக்கும் படம்) பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு வெள்ளை. சளியிலும் கிருமி. டி.பி. என்றார். சாயங்காலக் காய்ச்சலையும் இருமலையும் சுரங்கத்துத் தூசி என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

"பாலை நிறுத்திடணும். உன் மூச்சு படாத இடத்துல குழந்தை வளரணும்" என்றார் டாக்டரம்மா.

நான் அழ ஆரம்பிப்பதற்குள் அஞ்சலை அக்கா குழந்தையை என் வீட்டுக்காரர் தோளிலிருந்து வாங்கிவிட்டாள். அவள் கம்மாபுரம் பக்கத்துக்காரி.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? எங்க வூட்ல மூணு உருண்டுகினு கெடக்குது, இதோட நாலு. நீ போயி ஊசியப் போட்டுகினு வா."

இதே வியாதியோடு இதை வாசிக்கிற சகோதரிக்குச் சொல்கிறேன். நான் அதிகம் படிக்காதவள், பட்டதைத்தான் எழுத முடியும். ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி) போட்ட நாட்களில் காதுக்குள் வண்டு இரைந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. காய்ச்சல் நின்றதும் இனி எதற்கு என்று தோன்றும். நிறுத்திவிடாதீர்கள். நேற்று விழுங்கின மாத்திரை இன்றைக்கு ஆகாது.

ஜெபமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. விடிந்ததும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, பிள்ளை உம்முடையவள்" என்று ஒப்புக்கொடுப்பேன். கஞ்சி ஆறுவதற்குள் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஜன்னலில் நின்று எதிர் வீட்டுக்குக் குரல் கொடுப்பேன்.

"அக்கா, பால் பொங்கினதா? காத்து அடிக்குது, கதவைச் சாத்துங்க."

"ஏம்மா, உன் வூட்ல குந்திகினே எங்க வூட்டுக்கும் நீதான் சூப்பர்வைசரா?" என்பாள் அவள். ஆனால் கதவைச் சாத்துவாள்.

ஒரு வழியாகச் சளிப் பரிசோதனை நெகட்டிவ் (கிருமி தென்படவில்லை) என்று வந்தது. அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும் அப்படியே. "இனி பிள்ளையைத் தூக்கலாம், மாத்திரையை மட்டும் விடாதே" என்றார் டாக்டரம்மா.

"இன்னொரு தரம் பார்த்துடுங்களேன்" என்றேன்.

"கிருமி போயிடுச்சு. உன் பயம் போகலை. அதுக்கு எங்கிட்ட ஊசி இல்லை."

அப்புறமும் நான் தூக்கவில்லை. எஸ்தர் நடக்கப் பழகிவிட்டாள். அஞ்சலை அக்காவை அம்மா என்றாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

எங்கள் சபைக்கு அப்போது கோயில் கட்டிடம் கிடையாது. கடலூரிலிருந்து போதகர் மாதம் ஒரு முறை வந்து, பள்ளிக்கூட ஹாலில் ஆராதனை நடத்துவார். திருவிருந்தில் திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில்தான். வியாதி தெரிந்த நாள் முதல் நான் பந்திக்குப் போகவில்லை. அந்த மாதம் என் வீட்டுக்காரர் போதகரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் நான் இருந்த பெஞ்சுக்கே வந்தார்.

"டாக்டர் சொன்னதை நம்பலையா அம்மா?"

"நம்புறேன் ஐயா. ஆனா ஒருவேளை..."

"அப்போ கடைசியா வாங்க."

அது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் குடிக்கப்போவதில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகு முழங்காலிட்டேன். பாத்திரம் உதட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வழக்கத்தில் மிச்சத்தைக் கீழே கொட்டக் கூடாது. போதகர்தான் குடித்து முடிக்க வேண்டும். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

அவர் பாத்திரத்தை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "இத்தனை பேருக்கும் காவல் நிற்கிறது நீங்கதானாம்மா?"

குடித்தேன். அவர் திரும்பி, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார், சாப்பிட்டு எழுந்த மனுஷன் தண்ணீர் குடிப்பதுபோல. பிறகு துணியால் பாத்திரத்தைத் துடைத்து வைத்தார்.

தாழ்மை என்றால் தலையைக் குனிந்து மெல்லப் பேசுவது என்று நினைத்திருந்தேன். என் கவலையைப் பாசம் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு நிமிஷம் கண் அசந்தால் ஆண்டவருக்குச் சமாளிக்கத் தெரியாது என்கிற எண்ணம் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தது. என்னைப் போய் யார் அகம்பாவக்காரி என்பார்கள்? ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை.

ஹாலிலிருந்து நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். கையை நீட்டினேன். எஸ்தர் அஞ்சலை அக்காவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"போடி, ஒங்கம்மாதான். கடிக்க மாட்டா. பயந்தவ, அவ்ளோதான்" என்று அக்கா அவளைத் தூக்கி என்மேல் போட்டாள். பிள்ளை இவ்வளவு கனமாயிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சில நாள் எதிர் வீட்டைக் காட்டிக் காட்டி அழுதாள். கொண்டுபோய் விட்டேன். அக்கா ஊட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினாள். இப்போதும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறாள்.

இன்றைக்கு மத்தியானம் என் நெஞ்சின்மேல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மூச்சு ஏறும்போது அவளும் ஏறுகிறாள், இறங்கும்போது இறங்குகிறாள். நாளைக்கு என்ன ஆகுமோ என்று மனசு ஆரம்பிக்கிறது. அசைந்தால் எழுந்துவிடுவாள். சும்மா கிடக்கிறேன்.