சித்தப்பா காட்டிய பிரெஞ்சுக் காணி

ஊரில் இருந்த அம்மாவுக்கு டென்மார்க் விசா தராமல் இழுத்தடித்த நேரத்தில், பாரிஸ் சித்தப்பா ஒரு காணிப் படத்தோடு நானும் அப்பாவும் இருந்த ஹோர்சன்ஸுக்கு வந்தார்.

"இந்த டென்மார்க்காரரை நம்பாதேங்கோ அண்ணை. பிரான்ஸில கிராமப்பக்கம் வீடு கட்டினா அண்ணியை அங்க கூப்பிடலாம்."

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று, அன்றைக்குக் காணி வாங்கும் பத்திரத்தில் கையெழுத்து வைக்க அப்பா சம்மதித்தார். நான் காணியின் உறுதிப் பத்திரத்தைக் கேட்டேன்.

"சொந்தத்துக்குள்ள உறுதி கேக்கிறதோ? பெட்டைக்குப் படிச்ச திமிர்."

அப்பா தலைகுனிந்தார். நானும் அடங்கிப்போனேன், அது என் பிழை. மறுநாள் படத்தின் பின்புறமிருந்த ஊர்ப் பெயரையும் காணி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத் தொலைபேசியில், படித்த கொஞ்சப் பிரெஞ்சில் அந்த ஊர்ச் சபையிடம் விசாரித்தேன். அது கோதுமை வயல், வீடு கட்ட அனுமதியில்லை என்றார்கள். மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா பேனையை எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓம் சித்தப்பா, படிச்ச திமிர்தான். அது இல்லாட்டி அப்பா கோதுமைக்குள்ள வீடு கட்டியிருப்பார்."

அப்பா பேனையை மூடினார்.

அம்மாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவருக்கான மனுக்களை இப்போது நானே டேனிஷில் எழுதுகிறேன். சொந்தக்காரர் பத்திரத்தோடு வந்தால் தேத்தண்ணி வைக்க முன்னரே வாங்கி வாசிக்கிறேன். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.